கணக்கு, கணிப்பொறி, சந்தை

(திருப்பதியில் வணிகவியல், கணிப்பொறியியல் மாணவர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

வணிகவியலில் பட்டம் பெற்று, அதன்பின் கணிப்பொறிக்கு நிரல் எழுதவும் கற்றுத் தேர்ந்த ஓர் இளைஞர் கடைசியில் விளம்பரத் துறையில் வேலைக்குச் சேர்ந்தால், அவர் படித்த படிப்பு வீணாகிவிட்டது என்றே பெற்றோர் பலரும் கருதுகின்றனர். கணக்குப் படித்தவர் வங்கியிலோ தணிக்கை அலுவலகத்திலோ அமர வேண்டும். நிரல் எழுதுபவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ செல்ல வேண்டும். விளம்பரமோ வாய்ச்சாதுரியம் உடையவர்களின் தொழில். இது நெடுங்காலமாக நிலைபெற்றுவிட்ட எண்ணம். நாளிதழிலும் சுவரிலும் வானொலியிலும் விளம்பரம் நடைபெற்ற காலத்தில் இவ்வெண்ணத்தில் பிழை அதிகமில்லை. செலவிட்ட பணத்தில் எவ்வளவு பயன் தந்தது, எவ்வளவு பாழாயிற்று என்பதைத் திட்டமாக அறிய அன்று வழி இருக்கவில்லை. அறிய வழியில்லாத இடத்தில் கணக்கருக்கு வேலையும் இருக்கவில்லை.

டிஜிட்டல் மார்க்கெட்டிங் என இன்று வழங்கும் இணையவழிச் சந்தைப்படுத்துதல் இந்நிலையைத் தலைகீழாக்கியது. 1994 அக்டோபரில் அமெரிக்காவின் ஹாட்வயர்ட் வலைத்தளத்தில் முதற்பட்டை விளம்பரங்கள் தோன்றியபோது அவையும் நாளிதழ் விளம்பரத்தின் மறுபதிப்பாகவே இருந்தன. இடத்துக்கு வாடகை, அவ்வளவே. 1998இல் கோடூ என்ற தேடுபொறி, தேடப்படும் சொற்களையே ஏலம் விட்டு, விளம்பரத்தை ஒருவர் சொடுக்கினால் மட்டும் கட்டணம் பெறும் முறையைக் கொணர்ந்தது. 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் விளம்பர விற்பனையைத் தொடங்கிய கூகுள் நிறுவனம், 2002இல் இம்முறையைத் தனக்கேற்ப மாற்றி எடுத்துக்கொண்டது.

ஏலம் என்றதும் இவ்வூர் மாணவர்களுக்குத் திருமலையின் முடிக் காணிக்கை நினைவுக்கு வரக்கூடும். பக்தர்கள் அளிக்கும் முடி நீளத்துக்கேற்பத் தரம் பிரிக்கப்பட்டு, 2011 முதல் மின்னணு ஏலத்தில் விற்கப்படுகிறது. எங்கோ இருக்கும் வணிகர் ஒருவர் திருப்பதிக்கு வராமலேயே விலை கேட்கலாம். அதிக விலை கேட்டவருக்குச் சரக்கு சேரும். தேடுபொறியின் ஏலமும் ஏறத்தாழ இத்தகையதே. ஆயினும் இரண்டு வேறுபாடுகள் உண்டு. ஒருவர் "திருப்பதி அறை" என்று தட்டச்சு செய்யும் ஒவ்வொரு முறையும், கண் இமைக்கும் நேரத்துக்குள் புதிதாக ஓர் ஏலம் நடந்து முடிகிறது. மேலும், அதிக விலை கேட்டவர் வெல்வார் என்ற உறுதியும் அங்கில்லை. விளம்பரம் தேடுபவருக்கு எவ்வளவு பொருத்தமானது, அவர் அதைச் சொடுக்க எவ்வளவு வாய்ப்புண்டு என்பதும் விலையோடு சேர்த்து எடை போடப்படுகிறது. வென்றவர் தாம் கேட்ட முழு விலையையும் தர வேண்டியதில்லை. அடுத்த இடத்தில் இருப்பவரை மிஞ்சுவதற்குத் தேவையான அளவு தந்தால் போதும் என்ற விதி அதில் அமைந்தது. இவ்விதிக்கு நெருங்கிய உறவுடைய ஏல முறையை 1961இல் ஆராய்ந்து எழுதிய வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞருக்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. கூகுளின் ஏலத்தைச் செம்மைப்படுத்த 2002இல் அழைக்கப்பட்ட ஹால் வேரியன் விளம்பரக்காரர் அல்லர். நுண்பொருளியல் பாடநூல் எழுதிய பேராசிரியர். பொருளாதாரமும் நிரலும் சந்தித்த இடத்தில்தான் இத்தொழில் பிறந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி, இத்தொழிலில் கணக்கறிவு எங்கே பயன்படுகிறது என்பதைச் சிறியதோர் எடுத்துக்காட்டால் காணலாம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவையே. திருப்பதியில் ஒரு தங்கும் விடுதி மாதம் 5,000 ரூபாய் இணைய விளம்பரத்துக்குச் செலவிடுகிறது. ஒரு சொடுக்குக்குப் பத்து ரூபாய் வீதம் 500 பேர் விடுதியின் வலைத்தளத்துக்கு வருகின்றனர். நூற்றுக்கு இருவர் வீதம் பத்துப் பேர் அறை எடுக்கின்றனர். ஓர் அறைக்கு, செலவு போக மிஞ்சுவது 400 ரூபாய் எனில் மொத்த வரவு 4,000. விளம்பர முகவரின் அறிக்கையில் "500 வருகையாளர்கள்" என்ற வரி பெரிய எழுத்தில் இருக்கும். கணக்கறிந்தவர் கண்ணுக்குப் படுவதோ 1,000 ரூபாய் நட்டம்.

அவர் அத்தோடு நிற்க மாட்டார். வந்த பத்துப் பேரில் மூவர் அடுத்த ஆண்டும் விளம்பரத்தின் துணையின்றித் தாமாகவே அதே விடுதிக்கு வருவர் எனக் கொண்டால் மேலும் 1,200 ரூபாய் கிடைக்கும்; மொத்தம் 5,200 ஆகும். நட்டம் 200 ரூபாய் இலாபமாக மாறிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் அடுத்த ஆண்டு வரும் 1,200 ரூபாய்க்கு, நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 1,071தான். ஆகவே உண்மையான இலாபம் 71 ரூபாய். பி.காம். வகுப்பில் இயந்திரம் வாங்கலாமா வேண்டாமா என்பதற்குக் கற்ற இன்றைய மதிப்புக் கணக்கு, இங்கே ஒரு வாடிக்கையாளரை "வாங்கலாமா" என்பதற்குப் பயன்படுகிறது. ஒரு வாடிக்கையாளரைப் பெற ஆகும் செலவு, அவர் வாழ்நாளில் தரும் வரவு என்ற இரண்டையும் ஒப்பிடுவதே இத்துறையின் அன்றாட வேலை. ஆங்கிலப் பெயர்கள் மிரட்சி தரினும் உள்ளடக்கம் பழையது.

இதே விடுதியை நிரல் அறிந்தவர் வேறு விதமாகப் பார்ப்பார். நூற்றுக்கு 98 பேர் ஏன் திரும்பிப் போயினர்? விலை குறைந்த கைபேசியில் படங்கள் திறக்க நேரமாகிறது. தேதியைக் குறிக்கும் கட்டம் பழைய கருவியில் விரிவதே இல்லை. அறை உண்டா என்று அறியுமுன்பே பதினான்கு விவரங்களைக் கேட்கிறது. இவற்றைச் சீராக்க ஓரிரு நாள் வேலை போதும். அதன் பயனாக நூற்றுக்கு மூவர் அறை எடுத்தால் பதினைந்து பேர், வரவு 6,000. விளம்பரத்துக்கு ஒரு காசும் கூட்டாமலேயே முதலாண்டிலேயே 1,000 ரூபாய் மிச்சம்.

ஆனால் இங்கே புள்ளியியல் குறுக்கிட்டு எச்சரிக்கிறது. ஐந்நூற்றில் பத்து, பதினைந்தாக உயர்ந்தது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம்; இத்துணைச் சிறிய எண்ணிக்கையில் அதை மறுக்க முடியாது. அன்றியும், திருத்திய வாரம் புரட்டாசிச் சனிக்கிழமைகளை ஒட்டி வந்திருந்தால், தமிழகத்திலிருந்து திரளும் கூட்டத்தின் விளைவை வலைத்தளத்தின் சிறப்பாக எண்ணி ஏமாற நேரும். எனவே ஒரே நாட்களில் பாதிப் பேருக்குப் பழைய பக்கத்தையும் பாதிப் பேருக்குப் புதிய பக்கத்தையும் காட்டி, போதிய எண்ணிக்கை சேரும்வரை பொறுத்திருந்து ஒப்பிடுவதே முறை. வயலில் உரத்தைச் சோதிக்க வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் பின்பற்றும் முறையும் இதுதான்.

இவ்வழியில் நடந்தவர்கள் கற்பனை மனிதர்கள் அல்லர். பாரத் மேட்ரிமோனியை நிறுவிய முருகவேல் ஜானகிராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியலும், பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறிப் பயன்பாட்டியலும் பயின்றவர். நிரல் எழுதுவோராக வெளிநாட்டில் பணியாற்றிய அவர், 1997இல் அமெரிக்காவில் இருந்தபோது தமிழர்களுக்கென சிஸ் இந்தியா என்ற வலைத்தளத்தைத் தொடங்கினார். அதில் பல பகுதிகள் இருந்தன. மக்கள் மிகுதியாக நாடி வந்தது மணமக்கள் தேடும் பகுதி ஒன்றைத்தான். தாம் அமைத்த ஏனைய பகுதிகளின்மீது பற்று வைக்காமல், எண்ணிக்கை காட்டிய திசையில் அவர் சென்றதே இங்குக் கவனிக்கத்தக்கது. அப்பகுதியே தனித் தொழிலாயிற்று. தமிழ், தெலுங்கு எனப் பல மொழியினருக்குத் தனித்தனித் தளங்களாகப் பிரிந்து வளர்ந்தது. 2017 செப்டம்பரில் அந்நிறுவனம் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. தரகர் கையிலும் ஞாயிற்றுக்கிழமை நாளிதழிலும் இருந்த ஒரு பழஞ்சந்தை, மொழிவாரியாகப் பகுக்கப்பட்டதால் இணையத்துக்கு இடம் பெயர்ந்தது எனலாம்.

நிதித் துறையிலிருந்து வந்தவருக்கு மேக்மைட்ரிப் நிறுவனர் தீப் கால்ரா தக்க எடுத்துக்காட்டு. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பயின்று, ஏபிஎன் ஆம்ரோ வங்கியிலும் பின்னர் ஜி.ஈ. கேபிட்டலிலும் பணிபுரிந்த அவர், 2000இல் பயண நிறுவனத்தைத் தொடங்கினார். அன்று இந்தியாவில் இணைய இணைப்பும் குறைவு, கடன் அட்டை வைத்திருப்போரும் குறைவு. எனவே அமெரிக்காவில் வாழும் இந்தியர் தாயகம் வந்து செல்வதற்கான பயணச்சீட்டு விற்பனையோடு தம் முயற்சியைச் சுருக்கிக்கொண்டார். இந்தியச் சந்தையில் இறங்கியது 2005இல்தான். இடைப்பட்ட காலத்தில், 2002 ஆகஸ்டு முதல், இரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் பயணச்சீட்டு விற்கத் தொடங்கி மக்களை இப்பழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தது. சந்தை பக்குவப்படும்வரை கைமுதலைக் காத்துக்கொண்டது வங்கியாளரின் குணம் என்றே கருதத் தோன்றுகிறது.

நிதி, நிரல் ஆகிய இரண்டையும் ஒருவரே கடந்து வந்ததற்கு உலகறிந்த சான்று அமேசானின் ஜெஃப் பெசோஸ். 1986இல் மின்பொறியியலும் கணிப்பொறியியலும் முடித்து, நியூயார்க்கின் நிதி நிறுவனங்களில் பணியாற்றிவிட்டு 1994இல் வெளியேறியவர் அவர். 1996இல் அமேசான் தொடங்கிய துணை விற்பனையாளர் திட்டத்தில், பிறருடைய தளம் வழியாக விற்பனை நடந்தால் மட்டுமே அவருக்குக் கழிவு. விளம்பரம் காட்டியதற்குப் பணம் இல்லை. செலவு வரவுக்குப் பின்னால் வருமாறு அமைந்த இத்திட்டத்தில் ஒரு நிதியாளரின் கைவண்ணம் தெரிகிறது.

இவர்கள் மூவரும் முதலாளிகளானவர்கள். இம்மண்டபத்தில் இருப்போரில் பெரும்பாலோர் மாதச் சம்பளத்துக்குத்தான் செல்வர் என்பதை மறந்து பேசுவதில் பொருளில்லை. நிறுவனங்களின் விளம்பரப் பிரிவில் செலவையும் விளைவையும் ஆய்ந்து சொல்பவர், விற்பனைத் தரவுகளைத் திரட்டி ஒழுங்குபடுத்துபவர், ஐந்தாறு சிறு கடைகளுக்குப் பகுதிநேரமாக இவ்வேலையைச் செய்து தருபவர் ஆகியோரே இத்துறையின் பெருந்தொகையினர். இவர்களுக்குப் பயிற்சியளிப்பதாகக் கூறும் கூடங்கள் இன்று ஊர்தோறும் பெருகியுள்ளன. அவற்றில் பல, திரையில் எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதைக் கற்பிக்கின்றன. அப்பொத்தான்கள் நிலைப்பதில்லை. ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரே 2018இல் கூகுள் ஆட்ஸ் ஆயிற்று. வருகையாளர் கணக்கைக் காட்டும் பழைய அனலிட்டிக்ஸ் முறை 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டு வேறொன்று வந்தது. விலை கேட்பதைக் கருவியே செய்துகொள்கிறது. விளம்பர வாசகத்தைச் செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது. பொத்தான் கற்றவர் ஈராண்டில் மீண்டும் மாணவராவார். இன்றைய மதிப்புக் கணக்கும், இரு வேறு முடிவுகளை ஒப்பிடும் புள்ளியியலும், தரவுத் தளத்தில் கேள்வி கேட்கும் எஸ்.கியூ.எல். மொழியும் அத்தனை எளிதில் மாறுவன அல்ல. திறன் பயிற்சிக்கு நிதி ஒதுக்கும் அலுவலர்கள், பாடத்திட்டத்தில் இவற்றுக்கு எத்தனை மணி நேரம் உண்டு என்று கேட்பது நல்லது.

தொழிலின் மறுபக்கத்தைக் காணத் திருப்பதியைவிட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை. நாள்தோறும் பல்லாயிரம் பேர் ஏழுமலை ஏறுகின்றனர். 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவுத் தரிசனச் சீட்டுகள் இணையத்தில் வெளியானதும் விரைவில் தீர்ந்துவிடுகின்றன. கிடைப்பது அரிதாகவும் நாடுவோர் மிகுதியாகவும் உள்ள இடத்தில் போலிகள் முளைப்பது இயல்பு. தேவஸ்தானத்தின் தளத்தைப் போலவே தோற்றமும் பெயரும் அமைத்த போலி வலைத்தளங்களைப் பற்றி அந்நிறுவனம் பலமுறை எச்சரித்து, காவல்துறையிடம் புகாரும் அளித்துள்ளது. தேவஸ்தானத்தின் உண்மையான இணைய முகவரியே சில ஆண்டுகளுக்குள் சில முறை மாறியது. பழைய முகவரியை மனத்தில் வைத்திருக்கும் முதியவர் தேடுபொறியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. தேடலில் முன்னால் நிற்பது எப்படி என்பதை நன்கு கற்ற எவரோ ஒருவரின் திறமையும் சேர்ந்துதான், மாதக்கணக்கில் சேமித்து வந்த ஒரு குடும்பத்தைப் போலிச் சீட்டுடன் வரிசையில் நிறுத்துகிறது. போலித் தளத்துக்கும் நல்ல தளத்துக்கும் தொழில்நுட்பம் ஒன்றே. அளவீட்டு எண்களும் ஒன்றுபோலவே இருக்கும். எத்தனை சொடுக்கு, எத்தனை விற்பனை என்ற இரு வரிகளைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது.

சட்டம் சற்றுப் பின்தங்கியேனும் வந்து சேர்ந்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், வாங்குபவரை ஏமாற்றும் பதின்மூன்று வகைத் திரை உத்திகளைத் தடை செய்கின்றன. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், "இன்னும் இரண்டு அறைகளே உள்ளன" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அவற்றில் அடங்கும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலும் அதன் விதிகள் 2025 நவம்பரிலும் வந்தன. அறை எடுத்தவரின் கைபேசி எண்ணை அவர் இசைவின்றிப் பயண முகவருக்கு விற்கும் வழக்கம் இச்சட்டத்துக்கு முரணானது என்பதை விடுதிக்காரருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர், அவருடைய இணைய வேலையைப் பார்க்கும் இளைஞரே. வரி நிலையும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் செலுத்தும் விளம்பரக் கட்டணத்தின்மீது 2016இல் விதிக்கப்பட்ட ஆறு விழுக்காடு சமன்பாட்டு வரி, 2025 ஏப்ரல் முதல் நீக்கப்பட்டது. இதைத் தெரிந்து வைத்திருப்பதும் கணக்குப் படித்தவருக்கே எளிது.

இவ்வட்டாரத்தின் உற்பத்தியாளர்களுக்கு இத்தொழில் எந்த அளவு உதவும் என்பதையும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். காளகஸ்தியின் கலம்காரி, மூங்கில் எழுதுகோலால் கையில் வரையப்படுவது. புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் இணையத்தில் "கலம்காரி" என்று தேடுபவருக்கு இயந்திரத்தில் அச்சிட்ட துணியும் அதே பெயரில் வந்து நிற்கிறது. விலையில் அதனோடு போட்டியிட்டுக் கைவினைஞர் வெல்ல இயலாது. அவர் பணம் செலவிட வேண்டிய சொல் "கலம்காரி" அன்று; கையால் வரைந்தது, காளகஸ்தி, இயற்கைச் சாயம் என்று வேறுபாட்டைத் தேடி வருவோர் பயன்படுத்தும் சொற்களே. அச்சொற்களைத் தேடுவோர் குறைவு. ஏலத்தில் விலையும் பெரும்பாலும் குறைவு. வாங்கும் மனத்தோடு வருவோரோ அவர்களுள் மிகுதி. இதைக் கண்டறிந்து சொல்வது உண்மையான உதவி.

சித்தூரின் தோத்தாபுரி மாம்பழத்தின் நிலை வேறு. அது பெரும்பாலும் கூழ் ஆலைகளுக்குச் செல்வது. 2025இல் விலை வீழ்ந்தபோது, ஆலைகள் தரும் விலையோடு கிலோவுக்கு நான்கு ரூபாய் மானியம் சேர்த்துத் தர ஆந்திர அரசு முன்வர வேண்டியிருந்தது. ஆலையின் கிடங்கில் முந்தைய ஆண்டின் கூழ் விற்காமல் கிடக்கையில், விவசாயியின் இணைய விளம்பரம் அந்த விலையை உயர்த்தாது. வீட்டுக்கு வீடு பெட்டியில் அனுப்பத்தக்க உயர்ரகப் பழம் வைத்திருக்கும் சிலருக்கு அது பயன்படலாம். லாரி லாரியாக ஆலைக்கு அனுப்புவோருக்குக் கொள்முதலும் கிடங்கும் ஏற்றுமதியுமே மருந்து. எல்லாச் சரக்குக்கும் இணையமே வழி என்று கூட்டங்களில் பேசப்படுவதை அலுவலர்கள் இக்கண் கொண்டு நோக்க வேண்டும்.

இவ்வூர் இளைஞரிடம் பெருநகரத்தாரிடம் இல்லாத ஒன்று உள்ளது. 1911இல் சென்னை மாகாணத்தில் அமைந்த சித்தூர் மாவட்டம், 1953இல் ஆந்திரத்தோடு சென்றது. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லை இவ்வாறு இடம் மாறியபோதும், நகரி, புத்தூர், சித்தூர்ப் பகுதிகளின் வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. மலைக்கு வருவோரும் பல மொழியினர். மதுரையிலிருந்து வருபவர் "தரிசன டிக்கெட்" என்று தமிழில் தட்டச்சு செய்யலாம். அதையே ஆங்கில எழுத்துகளில் அடிக்கலாம். கைபேசியிடம் வாயால் கேட்டும் விடலாம். கேட்பது தங்குமிடத்தையா, தரிசன நேரத்தையா, மலைக்குச் செல்லும் பேருந்தையா என்பது அச்சொல்லின் சாயலில் மறைந்திருக்கும். "திருப்பதி" என்று தேடுபவர் எல்லோரும் கீழ்த் திருப்பதியில் அறை தேடுபவர் அல்லர். பலர் கருதுவது மலைமேல் திருமலையை. இரு மொழியிலும் எழுதப் படிக்க அறிந்த ஒருவர், ஒரு மாதத்தின் தேடற்சொற்களைத் தரவுத் தளத்திலிருந்து எடுத்து, எழுத்து வடிவ வேறுபாடுகளை ஒன்றுசேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஆன செலவையும் வந்த வரவையும் எதிரெதிரே எழுதினால், பெங்களூரில் அமர்ந்து ஆங்கிலச் சொற்களுக்கு மட்டும் விலை கேட்டுக்கொண்டிருக்கும் முகவருக்குத் தெரியாத பட்டியல் ஒன்று அவர் கையில் இருக்கும். இப்பட்டியலைத் தயாரிப்பதற்கு இரண்டாம் ஆண்டு மாணவருக்குள்ள படிப்பே போதும். திருப்பதி நிலையச் சாலையில் உள்ள விடுதி ஒன்றின் ஆறு மாதக் கணக்கேடு கிடைத்தால் வேலையைத் தொடங்கலாம்.